வாங்கிய கேமுக்குள் கடை முளைத்தால்

வாசகர் கடிதம்: கம்ப்யூட்டரில் முழு விலை கொடுத்து ஒரு ஆக்‌ஷன் கேம் வாங்கினேன். ஆறு வாரம் கழித்து வந்த அப்டேட்டில் உள்ளே ஒரு கடை முளைத்திருக்கிறது. விளையாடியே சம்பாதித்த பொருள்கள் இப்போது காசு கொடுத்து வாங்கும் காயினுக்கு விற்கின்றன. இதற்கிடையில் என் 12 வயது மகன் போனில் ஓர் இலவச கேமில் மூன்று நாளில் 14 முறை ‘பெட்டி’ (உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறப்பது) வாங்கியிருக்கிறான், என் கார்டில். கம்பெனிக்கு எழுதினால், ‘டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது’ என்று ஒரே வரியில் பதில். வங்கியில் புகார் செய்தால் கேம் அல்லது ஸ்டோர் அக்கவுண்ட்டையே முடக்கிவிடுவார்கள் என்கிறார்கள். நண்பர்களோ எல்லோருமாகப் புறக்கணிப்போம் என்கிறார்கள். வாங்குகிறவனுக்கு இந்தத் துறையில் உண்மையிலேயே ஏதாவது பலம் இருக்கிறதா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்:

மகன் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் காத்திருக்கும். இதற்கு மட்டும் மணி ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் தட்டியது தவறான கதவு. உங்கள் கார்டிலிருந்து பணம் எடுத்தது கேம் கம்பெனி அல்ல, போனில் இருக்கும் ஆப் ஸ்டோர். ரசீதைப் பாருங்கள், அவர்கள் பெயர்தான் இருக்கும். பணம் யார் கையில் போனதோ அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வேலை சுலபம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் டெவலப்பரிடம் போகச் சொல்வார்கள். அதனால் 14இல் கடைசியாக வாங்கியவற்றை இன்றே கேளுங்கள், பழையவற்றுக்குப் பிறகு வரலாம். ஆப்பிளில் வாங்கியவற்றுக்கென்று சிக்கலைத் தெரிவிக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே காரணப் பட்டியலில் சிறுவர் அனுமதி இல்லாமல் வாங்கியது என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘பிடிக்கவில்லை’, ‘எதிர்பார்த்ததுபோல் இல்லை’ என்பவற்றைத் தொடவே வேண்டாம்.

கோரிக்கை நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. பதினான்கையும் மொத்தமாக ஒரே தொகையாகக் கேட்பது முதல் தவறு. ஒவ்வொரு ஆர்டர் எண்ணும், தேதியும், நேரமும், தொகையும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே இரவில் பத்து நிமிட இடைவெளியில் ஐந்து முறை வாங்கியது தெரிந்தால் அந்த நேரப்பட்டியலே உங்களுக்குச் சாட்சி. இரண்டாவது, கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது பையன் அதே கேமில் மீதிக் காயினைச் செலவழிப்பது. அந்தக் காயின் தொடப்படாமல் இருப்பது உங்களுக்கு நல்லது, ஆகவே கேமைத் திறக்கவே விடாதீர்கள். மூன்றாவது, பதற்றத்தில் ‘யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று எழுதிவிடுவது. அவர்கள் பதிவில் உங்கள் வீட்டுப் போன், உங்கள் வீட்டு இணையம் என்று தெரியும். பொய் ஒன்று அகப்பட்டால் மீதி உண்மைக்கும் மரியாதை போய்விடும். மகன் வாங்கினான், வயது 12, எனக்குத் தெரியாது, இன்ன தேதியில் பூட்டு போட்டுவிட்டேன். இந்த நாலு விஷயம் போதும்.

வங்கிப் புகாரைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் சும்மா பயமுறுத்தவில்லை. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வைத்த குற்றச்சாட்டுகளில், கார்டு கம்பெனியிடம் ஆட்சேபம் தெரிவித்தவர்களின் அக்கவுண்ட்டை முடக்கியதும் ஒன்று. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அந்தச் சமரசத்தில் மொத்தம் 52 கோடி டாலர். அதில் 24.5 கோடி வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க, 27.5 கோடி சிறுவர்களின் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்கு. இனி அப்படி முடக்கக் கூடாது என்ற உத்தரவு அந்த ஒரு கம்பெனியைத்தான் கட்டும். ஆகவே வரிசை இது: முதலில் ஸ்டோர், அவர்கள் மறுத்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கேம் கம்பெனி, பிறகு உங்கள் நாட்டு நுகர்வோர் அமைப்பு, கடைசியாக வங்கி. ஆனால் வங்கிக்கும் கெடு உண்டு. அது எத்தனை நாள் என்பதை மட்டும் முதல் நாளே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு வரை மற்ற வழிகளைப் பாருங்கள். வங்கிக்குப் போகுமுன் இன்னொரு கணக்கும் போடுங்கள்: அந்த அக்கவுண்ட்டில் ஏற்கெனவே நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கேம்கள், ஆப்கள் எவ்வளவு பெறும், திரும்ப வரவேண்டிய பணம் எவ்வளவு?

பூட்டு விஷயம். 2014இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்த வழக்கின் மையமே ஒரு சின்ன இடைவெளிதான். பெற்றோர் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 15 நிமிடம் குழந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம். கூகுளில் அது 30 நிமிடமாக இருந்தது. எனவே செட்டிங்ஸில் ‘ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு’ என்பதை வையுங்கள். பையனுக்குச் சிறுவர் அக்கவுண்ட் ஒன்று தனியாக உருவாக்கி, வாங்கும் ஒவ்வொன்றும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும்படி செய்யுங்கள். இரண்டு ஸ்டோரிலும் இந்த வசதி உண்டு. பிளேஸ்டேஷனில் மாதச் செலவு வரம்பு வைக்கலாம், பூஜ்யம் என்றும் வைக்கலாம். இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, சேமித்து வைத்த கார்டை நீக்கிவிட்டு, தேவைப்படும்போது குறிப்பிட்ட தொகைக்குக் கிஃப்ட் கார்டு போடுவது. கைரேகைப் பூட்டை நம்ப வேண்டாம். தூங்குகிற அப்பாவின் விரல் பல வீடுகளில் கடன் கொடுத்திருக்கிறது.

அடுத்தது, அந்த ஒரு வரிப் பதில். ‘டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது’ என்பது கம்பெனியின் கொள்கை, சட்டம் அல்ல. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் கிட்டத்தட்ட இதையே ஆஸ்திரேலியாவில் சொல்லிக்கொண்டிருந்தது. அது வாங்குகிறவர்களைத் தவறாக வழிநடத்துவது என்று அங்குள்ள நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்து 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஜூனில், ஸ்டீம் உலகம் முழுவதற்கும் ரீஃபண்ட் கொண்டுவந்தது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம். இன்று எல்லோரும் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அந்த உரிமை அதற்கு முன் 12 வருடம் அந்தத் தளத்தில் இல்லை.

உங்கள் ஆக்‌ஷன் கேமுக்கு அந்த 14 நாள் போய்விட்டது. கடை ஆறு வாரம் கழித்து வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கேம் வெளியாகும் வாரத்தில் விமர்சனம் எழுதப்படும், மதிப்பெண் போடப்படும், ரீஃபண்ட் கெடு ஓடும். இந்த மூன்றும் முடிந்த பிறகு கடையைத் திறந்தால் எந்த மதிப்பெண்ணும் குறையாது, எந்த ரீஃபண்டும் வராது. கிராஷ் டீம் ரேஸிங் நைட்ரோ-ஃப்யூயல்டு 2019 ஜூனில் வந்தது, காசுக்குக் காயின் விற்பனை ஆகஸ்டில் வந்தது. டெக்கன் 8 வந்தது 2024 ஜனவரிக் கடைசியில், அதன் கடை பிப்ரவரிக் கடைசியில். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலியைப் பற்றி வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்கிறார்கள்.

இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். கெடு தாண்டிய கோரிக்கையையும் அனுப்பலாம், பார்க்கிறோம் என்று ஸ்டீம் தன் விதிகளிலேயே சொல்கிறது. அனுப்பும்போது ‘ஏமாந்துவிட்டேன்’ என்று எழுதினால் படிப்பவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வாங்கிய நாளில் ஸ்டோர் பக்கத்தில் என்ன இருந்தது, எந்தத் தேதி அப்டேட்டில் என்ன சேர்ந்தது, முன்பு எத்தனை மணி நேரம் விளையாடினால் கிடைத்த பொருளுக்கு இப்போது எத்தனை மணி நேரம், அல்லது எத்தனை காயின் என்று எழுதுங்கள். அப்டேட் குறிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள டிஜிட்டல் பொருள் விதிகளின்படி, விற்ற பிறகு செய்த மாற்றம் பயன்பாட்டைக் கணிசமாகக் கெடுத்தால், வாங்கியவர் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ‘விற்ற பொருளை விற்ற பிறகு மாற்றினீர்கள்’ என்ற வாதம் எந்த நுகர்வோர் அதிகாரிக்கும் புரியும். ‘கேமில் பேராசை’ என்ற வாதம் புரியாது.

மற்ற கடைகளின் கெடுவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷனிலும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால் உரிமை போய்விடும். தானாக டவுன்லோடு ஆகும் வசதியை அணைக்காமல் வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஜிஓஜியில் விளையாடியிருந்தாலும் 30 நாள். ஸ்டீமில் முன்கூட்டியே விளையாட அனுமதிக்கும் விலை கூடிய பதிப்பை வாங்கினால், வெளியீட்டுக்கு முன் விளையாடிய நேரமும் 2024 ஏப்ரல் முதல் அந்த இரண்டு மணிக் கணக்கில் சேரும். கேமுக்குள் வாங்கிய பொருளுக்கு ஸ்டீமில் 48 மணி நேரம், அதுவும் வால்வின் சொந்த கேம்களுக்கும் அதற்கு ஒப்புக்கொண்ட டெவலப்பர்களின் கேம்களுக்கும்தான், பொருள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் மட்டும்.

இப்போது காயின் கணக்கு. இதைப் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாளில் போடுங்கள். ஒரு ஸ்கின், அதாவது கதாபாத்திரத்துக்கு மாட்டும் தோற்றம், 1,800 காயின். கடையில் 500, 1,100, 2,400 என்று மூன்று மூட்டை. எந்த மூட்டையும் எந்தப் பொருளோடும் பொருந்தாது, வேண்டுமென்றே அப்படி வைத்தது. 1,100 இரண்டு வாங்கினால் 400 மிஞ்சும். கடையில் மிக மலிவான பொருள் 600 என்று இருக்கும். அந்த மிச்சம் செலவும் ஆகாது, பணமாகவும் திரும்பாது. ஆகவே அந்த ஸ்கினின் விலை 1,800 அல்ல, நீங்கள் கொடுத்த 2,200. காட்டிய விலையைவிட 22 சதவீதம் அதிகம். மிச்சத்தை ‘சேமிப்பு’ என்று நினைப்பதுதான் அடுத்த மூட்டைக்கு முன்பணம். 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் வெளியிட்ட கோட்பாடுகளில், விலையை நிஜப் பணத்திலும் காட்ட வேண்டும், வேண்டாத அளவு காயினை வாங்க வைக்கக் கூடாது என்பவை இருக்கின்றன. அவை நடைமுறைக்கு வரும்வரை மூட்டை விலையை மூட்டைக் காயினால் வகுத்து ஒரு காயினுக்கு எவ்வளவு என்று எழுதி டிவி ஓரத்தில் ஒட்டி வையுங்கள். ஒட்டிய தாள் சில விற்பனையைத் தடுக்கும்.

பெட்டிகளில் விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மனிதருக்கு இயல்பாக வராத கணக்கு வேண்டியிருக்கிறது. ‘ஒரு சதவீத வாய்ப்பு’ என்றால் 100 பெட்டியில் ஒன்று நிச்சயம் என்று தோன்றும். உண்மையில் 100 பெட்டி திறந்த பிறகும் 37 சதவீதம் பேருக்கு அது கிடைத்திருக்காது. பத்தில் ஒன்பது பேருக்குக் கிடைக்க வேண்டுமானால் 230 பெட்டி. 300 திறந்தும் நூற்றில் ஐந்து பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் முந்திய பெட்டியைப் பற்றித் தெரியாது. ‘இவ்வளவு போட்டாயிற்று, இனி வந்தே தீரும்’ என்பது சில கேம்களில் மட்டுமே உண்மை, அங்கே அதை விதியாக எழுதி வைத்திருப்பார்கள்.

அப்படி எழுதி வைத்த ஒன்றையே பார்ப்போம். கென்ஷின் இம்பாக்டில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் (மிக அரிய வகை) ஒரு இழுப்பில், அதாவது ஒரு பெட்டி திறப்பதுபோன்ற ஒரு முயற்சியில், வரும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90ஆவது இழுப்பில் ஏதோ ஒரு ஐந்து நட்சத்திரம் உறுதி, ஆனால் விளம்பரத்தில் காட்டியவர் உறுதி இல்லை. வேறு ஒருவர் வந்துவிட்டால் அடுத்ததில்தான் அவர். மிக மோசமான நிலையில் 180 இழுப்பு. ஒரு இழுப்பு 160 ரத்தினம், ஆக 28,800. 99.99 டாலர் மூட்டையில் கிடைப்பது 8,080. நான்கு மூட்டை, கிட்டத்தட்ட 400 டாலர், ஒரு கதாபாத்திரத்துக்கு. எல்லோருக்கும் இவ்வளவு ஆகாது. ஆனால் இழுக்கத் தொடங்குமுன் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, இந்த எண்ணை. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொரு நாணயம், அதைக் கொடுத்து மூன்றாவது என்று அடுக்கி வைத்து உண்மைச் செலவை மறைத்ததும் சேர்ந்துதான் 2025 ஜனவரியில் அதன் வெளியீட்டாளர் மீது அமெரிக்காவில் 2 கோடி டாலர் அபராதமாக வந்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெட்டி விற்கக் கூடாது என்ற தடையும் அதில் உண்டு.

செட் சேர்க்கும் வகைப் பெட்டி என்றால் இன்னும் கவனம். பத்துப் பொருள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு, பத்தும் சேர்ந்தால் பெரிய பரிசு. பத்தும் சேர சராசரியாக 29 பெட்டி ஆகும், அதில் பாதி கடைசி இரண்டு பொருளுக்கு மட்டும். முதல் எட்டு மளமளவென்று சேரும், கை நிறைந்துவிட்டதுபோல் இருக்கும், பிறகுதான் கொள்ளை. ஜப்பான் இந்த வகையை மட்டும் தனியாக எடுத்து 2012இலேயே தடை செய்தது. வாய்ப்புச் சதவீதத்தை வெளியிட்டால் போதுமா என்றால் போதாது. தென்கொரியாவில் மேப்பிள்ஸ்டோரி கேமில் ‘க்யூப்’ என்ற பொருளின் வாய்ப்புகளைச் சொல்லாமலே குறைத்ததற்காகவும், வீரர்கள் அதிகம் விரும்பிய சில சேர்க்கைகள் வரவே வராதபடி வைத்ததற்காகவும் நெக்ஸானுக்கு 2024 ஜனவரியில் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தார்கள். அந்த மார்ச்சில் வாய்ப்புகளை வெளியிடுவது அங்கே சட்டமானது. வாய்ப்புப் பட்டியலே இல்லாத பெட்டிக்கு ஒரு காசும் வைக்காதீர்கள். பட்டியல் இருந்தால் அதையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பேட்டில் பாஸ், அதாவது ஒரு சீசனுக்குக் காசு கொடுத்து, விளையாட விளையாடப் படிப்படியாகப் பரிசு பெறுவது, இதைவிட நேர்மையானது, என்ன கிடைக்கும் என்பது முன்பே தெரியும். அது விற்பது வேறொன்றை: உங்கள் மாலை நேரங்களை. 100 படி, 70 நாள் சீசன் என்றால் வாரத்துக்குப் பத்துப் படி. முதல் வாரம் காசு கொடுக்காமல் விளையாடி, படிக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலான கேம்களில் கடைசி வாரத்தில் பாஸ் வாங்கினாலும் அதுவரை ஏறிய படிகளின் பரிசு மொத்தமாக வந்துவிடும். ஆகவே முதல் நாள் வாங்குவதில் லாபமே இல்லை, நஷ்டத்துக்குத்தான் இடம் உண்டு. ஹேலோ இன்ஃபினிட், ஹெல்டைவர்ஸ் 2 போன்றவற்றில் வாங்கிய பாஸ் காலாவதியாவதில்லை. அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, பலம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் உங்கள் நண்பர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

2009இல் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற போர் கேமின் கம்ப்யூட்டர் பதிப்பில் வீரர்களே நடத்தும் தனி சர்வர் வசதி இல்லை என்று தெரிந்ததும் ஸ்டீமில் புறக்கணிப்புக் குழு ஒன்று தொடங்கி ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். கேம் வெளியான நாளில் அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலை யாரோ படம் பிடித்தார்கள். வரிசையாகப் பல பெயர்களுக்குக் கீழே: ‘விளையாடிக்கொண்டிருக்கிறார்: மாடர்ன் வார்ஃபேர் 2’. அந்தப் படம் இன்றும் சுற்றுகிறது, கம்பெனிகளும் பார்த்திருக்கும்.

இரண்டு வருடம் கழித்து நடந்தது வேறு. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமில், கதாபாத்திரத்துக்கு ஒற்றைக் கண்ணாடி ஒன்று சுமார் 70 டாலர் மதிப்புக்கு விற்பனைக்கு வந்தது. வீரர்கள் கேமுக்குள் ஒரு சிலையைச் சுற்றி நின்று சுட்டார்கள். அப்போது கசிந்த ஒரு மின்னஞ்சலில் கம்பெனியின் தலைவர் ஹில்மார் பெட்டூர்ஸன் தன் ஊழியர்களுக்கு எழுதியிருந்தது இதுதான்: இந்த மாதிரி நேரத்தில் வீரர்கள் சொல்வதைவிட அவர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். திமிராகத் தோன்றும், ஆனால் தொழில் தெரிந்தவரின் வாக்குமூலம் அது. வீரர்கள் செய்து காட்டினார்கள்: மாதச் சந்தாவை ரத்து செய்தார்கள். 2011 அக்டோபரில் அதே தலைவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதே மாதம் சுமார் 20 சதவீத ஊழியர்களுக்கு வேலை போனது. விலை வைத்தது அவர்களில் பெரும்பாலோர் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வென்ற போராட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும். கம்பெனிக்கு வரவேண்டிய பணம் இன்னும் வந்து சேராத தருணத்தில் அவை நடந்தன, அல்லது வந்த பணம் திரும்பிப் போகக்கூடிய நிலையில். ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2இல் டார்த் வேடர் கதாபாத்திரத்தைத் திறக்க 60,000 கிரெடிட் (கேமுக்குள் சேர்க்கும் காயின்) என்று வைத்தார்கள். அதை நியாயப்படுத்திக் கம்பெனி ரெடிட் இணைய மன்றத்தில் எழுதிய பதிலுக்கு 6.6 லட்சத்துக்கும் மேல் எதிர் ஓட்டு. விலையை 75 சதவீதம் குறைத்தார்கள், 2017 நவம்பர் 17 வெளியீட்டுக்கு முந்திய நாள் காசுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். முன்பதிவு செய்தவர்கள் ரத்து செய்யக்கூடிய கடைசி நாள்கள் அவை. 2021 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு சந்தாவின் ஆண்டுச் செலவை இரட்டிப்பாக்க முயன்ற மைக்ரோசாஃப்ட் அதே நாளில் பின்வாங்கியது. 2025இல் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2க்கு 80 டாலர் என்று அறிவித்துவிட்டு, வெளியாகுமுன்பே 70க்கு இறங்கினார்கள். 2024 மேயில் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் கட்டாயம் என்றபோது, ஸ்டீமில் மூன்றே நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை ரிவ்யூ குவிந்தது. அங்கே ரிவ்யூ வேலை செய்ததற்குக் காரணம், கேம் அப்போதும் சூடாக விற்றுக்கொண்டிருந்தது, பிளேஸ்டேஷன் சேவையே இல்லாத நாடுகளில் அது விற்கப்பட்டிருந்தது. சோனி கைவிட்டது.

இலவச கேமில் உங்கள் கோபத்துக்கு இவ்வளவு எடை இல்லை. துறையில் ‘திமிங்கலம்’ என்று ஒரு சொல் உண்டு, அதிகம் செலவழிக்கும் சிலரைக் குறிப்பது. 2021இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, பெட்டி வாங்குகிறவர்களில் மேல்தட்டு 5 சதவீதம் பேரிடமிருந்தே பெட்டி வருமானத்தில் ஏறக்குறைய பாதி வருவதாகக் கணித்தது. காசு கொடுக்காத நூறு பேர் ‘வாங்க மாட்டோம்’ என்றால் கம்பெனிக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. ஆனால் அவர்கள் போய்விட்டால் கதை மாறும். காசு கொடுத்தவர் தன் ஸ்கினைக் காட்ட ஆள் வேண்டும், தோற்கடிக்க ஆள் வேண்டும், ஆட்டம் தொடங்க 30 நொடிக்கு மேல் காத்திருக்கக் கூடாது. இலவசமாக விளையாடுகிறவர்கள் அந்தக் கடையின் சரக்கு. ஆகவே இலவச கேமில் எதிர்ப்பு என்பது பர்ஸை மூடுவது மட்டும் அல்ல, லாகின் செய்யாமல் இருப்பது.

சட்டமும் பாதி வழிதான் வரும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது, 2019 ஜனவரிக் கடைசியில் ஃபிஃபா கால்பந்து கேமின் கம்பெனியான ஈஏ, பெட்டி வாங்கப் பயன்படும் ஃபிஃபா பாயின்ட்டை அங்கே விற்பதை நிறுத்தியது. நெதர்லாந்தில் அதே கம்பெனிக்குப் போட்ட 1 கோடி யூரோ அபராதத்தை 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பல கேம்களில் பெட்டி போய் பாஸ் வந்தது. ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்று திறக்கும், ஆனால் புதிய வாசல் பழையதைவிடக் கொஞ்சம் வெளிச்சமானது. அந்தக் கொஞ்சத்துக்காகப் புகார் எழுதுவது பயனுள்ளது என்பது என் கருத்து.

இனி வாங்குமுன். முன்பதிவு செய்யாதீர்கள், டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது. வெளியாகி எட்டு வாரம் பொறுங்கள், கடை முளைப்பதானால் அதற்குள் பெரும்பாலும் முளைத்துவிடும். ரிவ்யூ படிக்கும்போது ‘சமீபத்தியவை’ என்று வரிசைப்படுத்துங்கள், மொத்த மதிப்பெண்ணில் முதல் வாரத்து மகிழ்ச்சி கலந்திருக்கும். வயதுச் சான்றிதழ் முத்திரைக்குக் கீழே ‘கேமுக்குள் வாங்கல்’, அதோடு ‘தற்செயல் பொருள்கள்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். 2020 முதல் ஐரோப்பிய, அமெரிக்க முத்திரைகள் இரண்டிலும் அந்த இரண்டாவது வரி வரும். பிறகு, தனியாக விளையாடும் பகுதிக்கும் இணையம் வேண்டுமா என்று தேடுங்கள். யூபிசாஃப்டின் தி க்ரூ 2014இல் வந்தது, 2024 மார்ச் 31இல் சர்வரை அணைத்ததும் தனியாக ஓட்டுகிறவர்களுக்கும் வண்டி நின்றுவிட்டது. அதிலிருந்து ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் ஐரோப்பிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பட்டனில் எழுத முடியாது. டிஆர்எம் (நகலெடுக்க விடாத டிஜிட்டல் பூட்டு) இல்லாத பிரதி கிடைக்கும் கேம் என்றால் அதை வாங்கி இன்ஸ்டாலரை ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.

உங்கள் ரிவ்யூவை இந்த வாரமே எழுதுங்கள். ஆறு வரி போதும்: எத்தனை மணி நேரம் விளையாடினீர்கள், எந்தத் தேதியில் என்ன மாறியது, எந்தப் பொருள் முன்பு எப்படிக் கிடைத்தது, இப்போது எப்படி, எதைத் திரும்ப வைத்தால் ரிவ்யூவை மாற்றுவீர்கள். வசவு, கேலிப் படம், அரசியல் எதுவும் வேண்டாம். கேமுக்குச் சம்பந்தமில்லாத ரிவ்யூ அலை என்று முடிவு செய்தால் ஸ்டீம் அந்தக் காலத்து ரிவ்யூக்களை மதிப்பெண்ணில் சேர்க்காது, உங்கள் ஆறு வரியும் அதோடு போய்விடும்.

நண்பர்களிடம் சொல்லுங்கள்: புறக்கணிப்பு என்றால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள், ‘பழைய பொருள்களைக் கடையிலிருந்து எடு’ என்பதுபோல ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியது. அடுத்த சீசன் தொடங்கும் நாளையோ அடுத்த விரிவாக்கம் வெளியாகும் வாரத்தையோ தேர்ந்தெடுங்கள், அன்றைய எண்களைத்தான் கம்பெனி மிகக் கூர்ந்து பார்க்கும். சந்தா இருந்தால் அன்றே ரத்து செய்யுங்கள். ரத்து செய்யும் பக்கத்தில் காரணம் கேட்கும் பெட்டி வந்தால் அந்த நிபந்தனையை அதே வார்த்தைகளில் எல்லோரும் எழுதுங்கள். பிறகு கேமை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஐகான் திரையில் இருந்தால் 2009ஆம் வருடத்துப் படம் உங்கள் பெயரோடு இன்னொரு முறை சுற்றும்.